பச்சை அணையாத பகல்

அளத்துக்குடியில் ஆனி மாதத்து இரண்டாவது செவ்வாய்க்கிழமை, காலையிலிருந்து உப்பு வாரிக் களைத்த பெண்கள் பதினேழு பேர் தூக்குச்சட்டியைத் திறப்பதற்காகத் தகரக் கொட்டகையின் நிழலுக்குள் கால் வைத்தபோது, பதினேழு பேரும் பதினேழு நிறத்தில் ஒளிர்ந்தார்கள். ஒருத்தி கத்தரிப்பூ நிறம், ஒருத்தி வெந்தய நிறம், ஒருத்தி புதுச் செங்கல் நிறம். பசி நேரம் என்பதால் யாரும் சத்தம் போடவில்லை. பழைய சோற்றைப் பிழிந்து வைத்துக்கொண்டு ஒருவரையொருவர் கொஞ்ச நேரம் பார்த்தார்கள், பிறகு ஊறுகாயைக் கைமாற்றினார்கள், சாப்பிட்டு முடித்து வெயிலுக்கு இறங்கியதும் நிறங்கள் மறைந்து பழையபடி எல்லாரும் உப்புக்காற்றில் கறுத்த பெண்களானார்கள். சாயங்காலம் வீடு திரும்பினால் வீட்டுக்குள் புருசன்மார்களும் பிள்ளைகளும் மாமியார்களும் அவரவர் நிறத்தில் ஒளிர்ந்துகொண்டு, இன்றைக்கு என்ன குழம்பு என்று கேட்டார்கள்.

இது எதனால் வந்தது என்று ஊர் ஒரு வாரம் பேசியது. கடலில் ஒதுங்கிய சொறிமீன்களால் வந்தது என்றார்கள், துறைமுகத்துக்கு வந்த கப்பலால் என்றார்கள், அம்மன் கொடைக்குப் பந்தல் போடாமல் விட்டதால் என்றார்கள். அப்புறம் மழைக்கு முன்னால் உப்பை அள்ளி மூடுகிற வேலை வந்துவிட்டதால் அந்தப் பேச்சை அப்படியே விட்டுவிட்டார்கள்.

காரணத்தை விட்டாலும் நிறத்தை விட முடியவில்லை. ஒருவர் நிறம் இன்னொருவருக்கு இல்லை என்பதும், ஒரே நிறத்தில் முழுசாக இருக்கிற உடம்பு அநேகமாக எதுவுமில்லை என்பதும் பத்து நாளில் விளங்கிவிட்டது. பிள்ளை பெற்றவள் உடம்பில் அந்தப் பிள்ளையின் நிறம் ஒரு சொட்டாக எங்கேயாவது தங்கியிருந்தது, பிள்ளையின் உடம்பில் தாயின் நிறம் ஒரு சொட்டு இருந்தது. வயிற்றிலேயே போன பிள்ளைகளும் பேர் வைக்காமல் புதைத்த பிள்ளைகளும் தாய்மார் மேல் சொட்டுச் சொட்டாகத் தெரிந்தார்கள். எழுபது வயதுக் கிழவி ஒருத்தி தன் முழங்கையில் ஐந்து நிறம் கண்டு, நாலுதானே பெற்றேன் என்று யோசித்து, கல்யாணமான வருசம் மூன்று மாதத்தில் கலைந்துபோனதை நினைவு கூட்டி, அம்பது வருசம் கழித்து அதற்காக ஒரு பகல் முழுக்க அழுதாள்.

அந்த வாரத்தில் மூன்று வீட்டில் சண்டை, ஒரு கல்யாணம் நின்றது, ஒருத்தி மண்ணெண்ணெய்க் கேனைத் தூக்கினாள். பிறகு ஊர் கோயில் முற்றத்தில், உச்சி வெயிலில், யார் நிறமும் யாருக்கும் தெரியாத நேரமாகப் பார்த்துக் கூடி ஒரு முடிவெடுத்தது. நிழலில் பார்த்ததை யாரும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது. மீறினவர் வீட்டுக்கு நல்லது கெட்டதுக்கு ஊர் போகாது. அதற்குப்பின் அளத்துக்குடி அமைதியானது. வேப்பமரத்தடி காலியாகக் கிடந்தது. குடை பிடிப்பவர் இல்லை. டீக்கடைக்காரர் கூரையைப் பிரித்துப் போட்டார், பஞ்சாயத்து வாசலில் பெஞ்சுகளை வெயிலுக்கு இழுத்துப் போட்டார்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மட்டும் எதையும் மறைக்காமல் தாழ்வாரத்தில் நிறம் நிறமாக ஓடினார்கள்.

முப்பிடாதிக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. அவளுடையது காவி நிறம். தொப்புளுக்கு மேலே மூன்று சொட்டுகள் வரிசையாக இருந்தன. ஒன்று செவ்வந்தி மஞ்சள், அது ஒன்பது வயது மகள் கௌசிகாவினுடையது. ஒன்று சாம்பலும் வெள்ளையுமானது, கௌசிகாவுக்கு முன் ஐந்தாம் மாதத்தில் போனது. மூன்றாவது பச்சை, வெற்றிலைக் கொழுந்தின் பச்சை, மற்ற இரண்டையும்விடப் பெரியது. அதைப் பார்த்த அன்று அவள் புருசன் பலவேசம் அவள் சேலை முந்தானையை எடுத்து அதை மூடிவிட்டு, லாரியில் மூட்டை ஏற்றப் போய்விட்டான்.

கல்யாணத்துக்கு முன் பெற்ற பிள்ளை அது. பலவேசத்தின் அப்பா அவளை வீட்டுக்குள் சேர்க்க மாட்டேன் என்று அரிவாளை எடுத்துக்கொண்டு நின்ற காலம். வெளியூரில் சித்தி வீட்டில் இருந்து பெற்றாள், பிள்ளையில்லாத தம்பதிக்கு நர்சம்மா ஒருத்தி மூலமாகக் கொடுத்தார்கள், முகம்கூடப் பார்க்கவில்லை. கொடுத்த மூன்றாம் மாதம் மாமனார் மாரடைப்பில் போனார், நாலாம் மாதம் இரண்டு பேரும் கல்யாணம் செய்துகொண்டார்கள். போய்த் திருப்பிக் கேட்கலாமா என்று இரண்டு பேரும் தனித்தனியாக நினைத்தார்கள். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாததால் அது பத்தொன்பது வருசமாக நினைப்பாகவே கிடந்தது.

அந்தப் பச்சையை அவள் பஸ் நிறுத்தத்தில் பார்த்தாள். நிறங்கள் வந்த நாலாம் நாள் அது, மழை தூறியதால் எல்லாரும் கூரைக்கடியில் ஒதுங்கிய நேரம். இறால் கம்பெனிக்கு வேலைக்குப் போகிற பெண் ஒருத்தி நின்றாள். தலை முதல் கால்வரை வெற்றிலைக் கொழுந்தின் பச்சை, கழுத்தில் காது மடலுக்குக் கீழே ஒரு சொட்டுக் காவி. பஸ் நிலையத்துப் பக்கம் தையல் கடை வைத்திருக்கும் சண்முகவடிவின் மகள் தமயந்தி. அவர்கள் அளத்துக்குடிக்குக் குடிவந்து ஆறு வருசம் ஆகிறது. கௌசிகாவின் பள்ளிச் சீருடையைக்கூட அந்தக் கடையில்தான் தைத்தார்கள். தமயந்தி முப்பிடாதியின் காவியைப் பார்த்தாள், தன் கழுத்தைக் கையால் மூடினாள், மழையில் இறங்கி நடந்தாள். நிறுத்தத்தில் நின்ற பதினைந்து பேரும் பார்த்தார்கள். பதினைந்து பேரும் மழையைப் பற்றிப் பேசினார்கள்.

மறுநாள் முதல் சண்முகவடிவு தையல் எந்திரத்தைக் கடைக்குள்ளிருந்து தூக்கித் தெருவோரம் வெயிலில் போட்டுத் தைத்தாள். அவளுடையது நாவல்பழ நிறம், முழுக்க நாவல்பழம், எங்கும் ஒரு சொட்டும் இல்லை. தமயந்தி கழுத்தில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள்.

ஆவணி மாதம் பல்கலைக்கழகத்திலிருந்து மீனலோசனி என்று ஒரு ஆராய்ச்சிக்கார அம்மா வந்து பள்ளிக்கூடத்தில் தங்கி, ஆள் ஆளாகக் கூப்பிட்டு நிறங்களை நோட்டில் வரைந்துகொண்டார். தங்கள் ஆய்வுக்கூடத்தில் எலிகளின் உடம்புக்குள் இருக்கிற சின்னச் சின்ன உயிரணுக்களுக்கு, ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒவ்வொரு வெளிச்சமாக மரபணுவிலேயே அடையாளம் கட்டிவிடுவோம் என்றும், அப்புறம் எந்தக் கூட்டம் எங்கே போகிறது, எது பெருகுகிறது, எது எதை விழுங்குகிறது என்று நிறத்தைப் பின்தொடர்ந்தே கண்டுபிடிப்போம் என்றும், எங்களுக்கு அதற்கு எத்தனையோ வருசம் பிடித்தது, உங்கள் ஊருக்கு ஒரு செவ்வாய்க்கிழமையில் வந்துவிட்டது என்றும் அவர் சொன்னார். ஊர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டது.

கௌசிகாவின் முறை வந்தபோது மீனலோசனி அவள் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். செவ்வந்தி மஞ்சளில் இடது முழங்காலுக்குக் கீழே மயில்துத்த நீலத்தில் கடுகு அளவுக்கு ஒரு புள்ளி.

"இது எப்பருந்து இருக்கு?"

"அது போன வாரம் கீழ விழுந்தாம்மா," என்றாள் முப்பிடாதி.

"விழுந்த காயத்துக்கு நிறம் மாறாதும்மா. இது உங்க நிறமும் இல்ல, அவங்க அப்பா நிறமும் இல்ல. வெளியில இருந்து வந்த நிறமே இல்ல." அவர் நோட்டை மூடினார். "அவ உடம்புல ஒரே ஒரு அணு தறிகெட்டுப் போயிருக்கு. இது பூராவும் அந்த ஒண்ணோட வம்சம். நாளைக்கே நகரத்துக்குக் கூட்டிட்டுப் போங்க. நான் சீட்டு எழுதித் தாரேன்."

பணம் புரட்டிக் கிளம்ப நாலு நாள் ஆனது, அதற்குள் கடுகு மிளகானது, மிளகு சுண்டைக்காயானது. நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தப் புற்று என்றார்கள். ஊசி மருந்து ஏற்றினார்கள், முடி கொட்டியது, வாய் வெந்தது, நீலம் பின்வாங்கியது. புரட்டாசி முழுக்க முப்பிடாதி மகளை வார்டு சன்னலுக்கு எதிர்ப்பக்கம் நிழலில் உட்கார வைத்து, தலைமுடிக்குள் பேன் பார்க்கிறவள் மாதிரி உடம்பை அங்குலம் அங்குலமாகத் தேடினாள். நீலம் இல்லை. ஐப்பசி பிறந்த மூன்றாம் நாள் முதுகெலும்பு ஓரமாக ஏழு நீலப்புள்ளிகள் வரிசையாக வந்து நின்றன. அவள் சேலையால் துடைத்துப் பார்த்தாள். அப்புறம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய் வெயிலில் வைத்துக்கொண்டாள், வெயிலில் மகள் வெறும் மெலிந்த பிள்ளையாக இருந்தாள், அவ்வளவுதான். நர்சுகள் வந்து கூப்பிடும்வரை அவள் இறங்கவில்லை.

டாக்டர் இரண்டு பேரையும் அறைக்குள் உட்கார வைத்தார்.

"இனி எலும்பு மஜ்ஜை மாத்தணும். ஒத்துப்போற இன்னொருத்தர்கிட்ட இருந்து எடுத்து ஏத்தணும். கூடப்பிறந்தவங்களுக்குத்தான் ஒத்துப்போக வாய்ப்பு அதிகம். அண்ணன், அக்கா, தம்பி யாராவது?"

"இல்லங்கய்யா. ஒத்தப் பிள்ளதான்," என்றான் பலவேசம்.

அந்த அறையில் சன்னல் இல்லை. முப்பிடாதியின் வெளிறிய நூல்சேலை வழியாக வயிற்றுக்கு நேரே பச்சை ஒளிர்ந்துகொண்டிருந்தது. டாக்டர் அதைப் பார்த்தார், பிறகு மேசையில் இருந்த காகிதங்களை அடுக்கினார், அடுக்கினதையே மறுபடி அடுக்கினார். "யோசிச்சுச் சொல்லுங்க," என்றார். "ரொம்ப நாள் யோசிக்க முடியாது."

வெளியே வராந்தாவில் பலவேசம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். "ஊரு என்ன சொல்லும்னு நெனச்சிட்டேன்ட்டி. என் வாயில அதுதான் வந்துது."

"வந்துது, போட்டும்," என்றாள் முப்பிடாதி. "நான் போயிக் கேக்கேன்."

கார்த்திகை மாதத்து வெயிலில் சண்முகவடிவு தெருவோரம் பாவாடைக்கு விளிம்படித்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே பேசினாள்.

"என்ன தைக்கணும்?"

"தைக்க வரலக்கா."

"பெறகு?"

"உள்ள போயிப் பேசலாமாக்கா."

"உள்ள நிழலு. எதுன்னாலும் இங்கன நின்னு பேசு."

"வெயில்ல பேசக் கூடாத பேச்சுக்கா இது."

எந்திரம் நின்றது. சண்முகவடிவு அப்போதுதான் நிமிர்ந்தாள். அவள் கண்ணில் கோபத்தைவிடப் பயம்தான் அதிகமாக இருந்தது, அஞ்சு மாதமாக இந்த ஒரு ஆளின் காலடிச் சத்தத்துக்காகவே காதைத் தீட்டி உட்கார்ந்திருந்தவளின் பயம். முப்பிடாதி சொல்லி முடித்தாள். மஜ்ஜை, எலும்பு, கூடப்பிறந்தவர், நீலம். சண்முகவடிவு கேட்டு முடித்தாள்.

"கழுத்து நிக்காத பிள்ளையா என் கையில வாங்கினேன். மாட்டுப்பால் சேராம ராத்திரி பகலா கத்துச்சு. காது குத்தினது நான், காமாலையில பத்தியம் இருந்தது நான், வயசுக்கு வந்தப்ப பந்தல் போட்டது நான். என் ஒடம்பப் பாத்தியா நீ? நிழல்ல பாத்திருப்பிய. ஒரு சொட்டு ஒட்டலட்டி எனக்கு. ஒரே ஒரு சொட்டு. ஊரே பாத்துச்சு. நீ பெத்துப் போட்டுட்டுப் போனவ, ஒன் வயித்துல அவ வெளக்கா எரியுதா. இதுக்கு மேலயும் அவ எலும்ப வேற கேட்டு வந்து நிக்கிய."

"என் பிள்ள செத்துருவாக்கா."

"என் பிள்ளய நான் தர மாட்டேன்."

முப்பிடாதி போகவில்லை. மறுநாளும் வந்தாள். ஆஸ்பத்திரியில் பலவேசத்தை மகளோடு விட்டுவிட்டு, காலை பஸ்ஸில் வந்து, தையல் எந்திரத்துக்கு எதிரே தெருவின் மறுபக்கம் வெயிலில் நின்றாள், மாலை பஸ்ஸில் திரும்பினாள். பேசவில்லை, அழவில்லை. ஊர் அவளைச் சுற்றிக்கொண்டு நடந்தது. டீக்கடைக்காரர் ஒரு சொம்புத் தண்ணீரை அவளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, வைத்தது தான் இல்லை என்பதுபோல் போனார். ஆறாம் நாள் மழை இருட்டிக்கொண்டு வந்து தெரு முழுக்க நிழலானபோது, மறுபக்கம் காவியும் இந்தப்பக்கம் நாவல்பழமும் எதிரெதிரே எரிந்தன, தெருவில் ஒரு கதவுகூடத் திறக்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் தமயந்தி இறால் கம்பெனிச் சீருடையோடு வந்து அவள் முன்னால் நின்றாள். பக்கத்தில் பார்த்தால் பலவேசத்தின் தாடை.

"எத்தன நாளைக்கு நிப்பீங்க?"

"தாயி..."

"தாயின்னு சொல்லாதீங்க. எனக்குத் தெரியும். எங்க அம்மா சொல்லி இல்ல, எனக்குக் கண்ணு இருக்கு. பெத்தவங்கிற உரிமையில கேட்டீங்கன்னா தர மாட்டேன். பஸ்ஸுல பக்கத்துல ஒக்காந்த ஒருத்திகிட்ட ஒரு ஒதவி கேப்பீங்கல்ல, அப்படிக் கேளுங்க. யோசிக்கேன்."

முப்பிடாதி பத்தொன்பது வருசமாக அந்தப் பிள்ளையோடு மனசுக்குள் எத்தனையோ பேசியிருந்தாள், எல்லாமே "வாட்டி, போட்டி" என்றுதான். அவள் சேலையைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"உங்க பேரு தமயந்தியா?" என்றாள். "எம் பேரு முப்பிடாதி. அளத்துல உப்பு வாருதேன். எனக்கு ஒம்போது வயசுல ஒரு பிள்ள இருக்கா, கௌசிகான்னு பேரு. சீக்கா இருக்கா. உங்க எலும்புல இருந்து கொஞ்சம் எடுத்துக் குடுத்தா பொழைப்பாளாம். நீங்க..." அவள் மூச்சை இழுத்தாள். "நீங்க யாரோ, நான் யாரோ. நீங்க குடுப்பீங்களாம்மா?"

தமயந்தி திரும்பிச் சண்முகவடிவைப் பார்த்தாள். சண்முகவடிவு சக்கரத்தில் கையை வைத்து எந்திரத்தை நிறுத்தினாள்.

"ஒண்ணு மட்டும்," என்றாள். "அந்தப் பிள்ள இவள அக்கான்னு கூப்பிடக் கூடாது. நீ மகன்னு சொல்லக் கூடாது. நீயும் ஒன் புருசனும் எவன்கிட்டயும் எந்தக் காலத்துலயும் சொல்லக் கூடாது. சத்தியம் பண்ணு."

முப்பிடாதி எந்திரத்தின் மேல் அடித்துச் சத்தியம் செய்தாள். எந்திரம் வெயிலில் கொதித்துக்கொண்டிருந்தது.

ஒத்துப்போனது. மார்கழியில் தமயந்தியின் இடுப்பெலும்பிலிருந்து எடுத்து ஒரு பையில் கொண்டுவந்து தொங்கவிட்டார்கள். பார்க்க ரத்தம் மாதிரிதான் இருந்தது. கட்டிலுக்கு மேலே விளக்கை அணைத்ததும் பை முழுக்கப் பச்சை. அது குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக இறங்கி கௌசிகாவின் கைக்குள் போவதை முப்பிடாதி கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தாள். பதின்மூன்று நாள் அந்தப் பச்சையை எங்கும் காணோம். முப்பிடாதிக்குச் சோறு இறங்கவில்லை. பதினாலாம் நாள் காலையில் கௌசிகாவின் மார்பெலும்பில் ஒரு பச்சைப்புள்ளி பூத்தது. அப்புறம் இடுப்பில், அப்புறம் தோளில். நீலம் அங்கங்கே ஒதுங்கி, கரைந்து, ஒரு நாள் காலையில் இல்லை. மஞ்சளுக்குள் பச்சை வேர்விட்டு ஓடியது. டாக்டர்கள் ரத்தத்தைச் சோதனைக்கு அனுப்புமுன் பிள்ளையை நிழலில் திருப்பிப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள்.

"அம்மா, இந்தப் பச்சை யாரோடது?"

"தெரிஞ்சவங்க ஒருத்தரு."

"நமக்கு என்ன வேணும் அவங்க?"

"ஒண்ணும் வேணாம்ட்டி. நல்லவங்க."

கௌசிகா கையை முகத்துக்கு நேரே பிடித்து, விரல் நுனிகளைப் பார்த்தாள். "எனக்குள்ள இருக்காங்க, ஒண்ணும் வேணாம்ங்கிய," என்றாள்.

மாசியில் வீட்டுக்குக் கூட்டிவந்தார்கள். ஊர் வெயிலில் நின்று வரவேற்றது. கௌசிகா மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்து, தெருவில் போகிறவர்களை ஒவ்வொருவராகப் பேர் சொல்லி நலம் விசாரித்தாள். தமயந்தி தினமும் வேலைக்குப் போகிற வழியில் அந்தத் தெருவழியாகவே போனாள், அது சுற்றுவழி. வாசலுக்கு நேரே வரும்போது செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிவாள். முப்பது நாளும் செருப்பு வார் அங்கேயேதான் கழன்றது. கௌசிகா அவள் குனிந்து நிமிரும்வரை பார்த்துக்கொண்டிருப்பாள், அவ்வளவுதான்.

சித்திரை பிறந்ததும் கௌசிகாவின் இடது கண்ணிமையில் நீலம் வந்தது. முப்பிடாதி அதைப் பார்த்த அன்று யாரிடமும் சொல்லவில்லை. அன்று முழுக்கப் பிள்ளைக்குப் பிடித்ததைச் சமைத்தாள், தலை முழுக்காட்டினாள், கதவையும் சன்னலையும் திறந்துபோட்டு வீட்டுக்குள் முடிந்தமட்டும் வெயிலை விட்டாள். மறுநாள் நீலம் கன்னத்துக்கு இறங்கியிருந்தது. இந்தத் தடவை அது ஒளிந்து வரவில்லை. பச்சை அதை மறித்துக்கொண்டு நின்றது, நெஞ்சில் இரண்டும் ஒன்றையொன்று தள்ளுவது கண்ணுக்குத் தெரிந்தது, நடுவில் மஞ்சள் ஒடுங்கி ஒடுங்கி உள்ளங்கை அளவாகி, இரண்டு பக்கமும் நெருக்க நெருக்க மெழுகுபோல் உருகியது. ஆஸ்பத்திரியில் இன்னொரு முறை மருந்து ஏற்றினார்கள், பிறகு வீட்டுக்குக் கூட்டிப்போங்கள் என்றார்கள். வைகாசி மாதம் ஒரு வியாழக்கிழமை காலையில், கௌசிகா முப்பிடாதியின் மடியில் தலைவைத்துத் தண்ணீர் கேட்டாள். பலவேசம் தம்ளரோடு வருமுன் போய்விட்டாள்.

நிறங்கள் வந்தபிறகு ஊரில் பதினொரு சாவு விழுந்திருந்தது, அதற்கும் ஒரு முறை உண்டாகியிருந்தது. உயிர் போனபின்னும் உடம்பின் வெளிச்சம் உடனே அணையாது, இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். அது முழுசாக அணையும்வரை பந்தல் நிழலில் கிடத்தியிருப்பார்கள். வெளிச்சம் இருக்கிற உடம்பைத் தூக்குவதில்லை, குழிவெட்டுகிறவர் இறக்க மாட்டார்.

கௌசிகாவின் மஞ்சள் ஒன்பது மணிக்கெல்லாம் அணைந்தது. நீலம் பத்தரைக்கு அணைந்தது, அது அணைந்ததைப் பார்த்து முப்பிடாதி காறித் துப்பினாள். பச்சை அணையவில்லை. பதினோரு மணி, பன்னிரண்டு, ஒரு மணி. தலைமாட்டில் வைத்த விளக்கைவிட அது பிரகாசமாக எரிந்தது, வந்து குனிந்த பெண்களின் முகத்தில் பச்சை விழுந்தது. ஐஸ் பாளங்கள் உருகி இரண்டாம் தரம் வந்தன. ஊர்ப்பெரியவர் ஒருவர் பலவேசத்தைத் தனியாகக் கூப்பிட்டு, இன்னும் உயிர் தங்கின உடம்பை எப்படி எடுப்பது என்று மெதுவாகக் கேட்டார்.

"உயிரு எங்கய்யா தங்கியிருக்கு," என்று பலவேசம் கத்தினான். "என் பிள்ள செத்துட்டாய்யா. எடுத்துட்டுப் போங்கய்யா." எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். யாரும் கைவைக்கவில்லை.

இரண்டு மணிக்கு முப்பிடாதி எழுந்தாள். தலைவிரிந்த கோலத்தோடு வெயிலில் ஓடினாள், தையல் கடைக்கு. எந்திரம் துணிபோட்டு மூடியிருந்தது. கதவுக்கு வெளியே படியில் சண்முகவடிவு உட்கார்ந்திருந்தாள்.

"காலையில இருந்து ஒரு சொட்டுத் தண்ணி குடிக்கல அவ," என்றாள் சண்முகவடிவு. "பாயில சுருண்டு கெடக்கா. விட மாட்டேங்கா போலருக்கு. விடத் தெரியல அவளுக்கு."

"நீங்க வரச் சொன்னாத்தான் வருவாக்கா."

சண்முகவடிவு எழுந்து உள்ளே போனாள். என்ன சொன்னாள் என்று முப்பிடாதிக்குக் கேட்கவில்லை. வெளியே வரும்போது மகளின் தோளைப் பிடித்துக் கூட்டிவந்தாள்.

தமயந்தி பந்தலுக்குள் நுழைந்ததும் கூட்டம் விலகியது. கழுத்தில் பிளாஸ்திரி இல்லை. அவள் கௌசிகாவின் தலைமாட்டில் உட்கார்ந்து, அந்தச் சின்ன நெற்றியில் முழுக் கையையும் வைத்தாள், குனிந்து காதில் பேசினாள். முப்பிடாதி இரண்டடி தூரத்தில் இருந்தாள். அவளுக்கு ஒரு வார்த்தையும் பிடிபடவில்லை. வெகுநேரம் பேசினாள், ஒன்பது வருசத்துப் பேச்சைப் பேசுகிறவள் மாதிரி, இடையில் ஒரு தரம் சிரித்தாள்கூட. பாதத்தில் பச்சை மங்கியது. முழங்காலுக்கு ஏறியது, இடுப்புக்கு ஏறியது, விரல்களை விட்டது, நெஞ்சில் கொஞ்ச நேரம் நின்றது, கழுத்து வழியாக ஏறி அந்தக் கைக்கடியில் கூடி, கை விளிம்பைச் சுற்றி ஒரு கோடாக நின்று, போனது. பந்தலில் கிடந்தது ஒரு மெலிந்த கறுத்த பிள்ளை.

பெண்கள் வட்டமாக வந்து தோள்மேல் தோள் போட்டார்கள். ஒப்பாரி எடுக்கிற சொர்ணத்தாய் நடுவில் உட்கார்ந்தாள். உறவு சொல்லித்தான் அவள் பாடுவாள், தாயைச் சொல்லி, தகப்பனைச் சொல்லி, மாமனைச் சொல்லி, சுற்றியிருக்கிற ஒவ்வொருவரையும் முறை வைத்துப் பிள்ளையோடு சேர்த்துக் கட்டித்தான் பாட்டு நடக்கும். தாயைப் பாடினாள். தகப்பனைப் பாடினாள். தலைமாட்டில் இருந்தவளிடம் வந்ததும் நிறுத்தினாள்.

"இந்தப் பிள்ளய என்ன முறை சொல்லிப் பாட?"

பச்சையும் காவியும் மற்ற எல்லா நிறங்களும் எல்லார் கண்ணுக்கும் முன்னால்தான் எரிந்துகொண்டிருந்தன. பலவேசம் துண்டை வாயில் அழுத்திக்கொண்டான். முப்பிடாதி வாயைத் திறந்தாள், சத்தியம் தொண்டையில் நின்றது, மூடினாள். தமயந்தி பிள்ளையின் நெற்றியிலிருந்து கையை எடுக்காமல் குனிந்தே இருந்தாள்.

பந்தலுக்கு வெளியே, நிழலுக்கு ஒரு அடி தள்ளி, வெயிலில் நின்றிருந்த சண்முகவடிவு சொன்னாள்.

"அக்கா. கூடப்பொறந்த அக்கா. அக்கான்னு சொல்லிப் பாடு."

சொர்ணத்தாய் பாடினாள்.